சுகாதாரப் பொருளாதார ஆய்வேடு: களத்துக்குப் போகுமுன் கைடிடம் காட்ட வேண்டியது

கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) முதல் அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நிரப்பிய பத்து வினாப்பட்டியலோடு போங்கள். முந்நூறு வீடு ஏறி இறங்கியபின் ஒரு கேள்வி விட்டுப்போனது தெரிந்தால் ஆய்வே முடங்கும். பத்து வீட்டில் தெரிந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

அதிகம் விட்டுப்போவது குடும்பத்தின் நுகர்வுச் செலவு. வருமானத்தை மட்டும் கேட்டு வந்துவிடுகிறார்கள். மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தைச் சாய்த்ததா என்று அளக்க, அது மொத்த நுகர்வில் 10 சதவீதத்தைத் தாண்டியதா, அல்லது அடிப்படைத் தேவை போக மீதியில் 40 சதவீதத்தைத் தொட்டதா என்று பார்க்க வேண்டும். நுகர்வுக் கணக்கு இல்லையென்றால் அந்த அத்தியாயமே இல்லை. அரிசி, மளிகை, வாடகை, ஃபீஸ், ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள்.

பில்லுக்கு மூன்று கட்டம் வேண்டும்: மொத்தம், முதலமைச்சர் காப்பீடு கட்டியது, கையிலிருந்து போனது. "காப்பீட்டுல பார்த்தோம், செலவே இல்லம்மா" என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், அட்மிஷனுக்கு முன் வெளியில் எடுத்த ஸ்கேன், ஆட்டோ, கூட இருந்தவர் சாப்பாடு எல்லாம் வரும். நகை அடகு வைத்த பணத்தைச் செலவோடு கூட்டாதீர்கள். அது செலவுக்குப் பணம் வந்த வழி. கூட்டினால் ஒரே ரூபாயை இரண்டு முறை எண்ணியதாகும்.

கூலி இழப்பில் இன்னும் கவனம் வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்ணிடம் "எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?" என்று கேட்டால் பூஜ்யம்தான் வரும். அவர் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. வழக்கமான வாரத்தில் எத்தனை ஆயிரம், காய்ச்சல் வாரத்தில் எத்தனை என்று கேளுங்கள். வித்தியாசம்தான் இழப்பு.

வேலூர் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மாதிரி எடுத்துவிட்டு, தலைப்பில் 'வேலூர் மாவட்ட மக்கள்' என்று போடுவது பெரிய பிழை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் கணக்கில் ரயிலும் ரூம் வாடகையும் தூக்கலாக நிற்கும். மாவட்டத்தைச் சொல்ல வேண்டுமென்றால் வீடுகளுக்குப் போக வேண்டும். அதற்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தால், அதிலுள்ள வேலூரில் 2019இல் பிரிந்த ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்திருக்கும். கிராமவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நினைவுக் காலத்தை, அதாவது கடந்த எத்தனை நாள் செலவைக் கேட்கிறோம் என்பதை, ஆஸ்பத்திரியில் தங்கியதற்கு 365 நாள், வெளிநோயாளிக்கு 15 நாள் என்று வைத்தால் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றோடு ஒப்பிடலாம்.

எக்செல்லில் 0 வேறு, காலிக் கட்டம் வேறு. செலவே செய்யாதவருக்கு 0. பதில் சொல்லாதவருக்குத் தனிக் குறியீடு. சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) கொடுங்கள், ஒரே ஒரு இதய ஆபரேஷன் சராசரியை இழுத்துவிடும். 0க்கு மடக்கை (log) கிடையாது என்று 0 உள்ள வரிகளை அழித்தால், வசதியில்லாமல் சிகிச்சைக்கே போகாதவர்கள்தான் முதலில் அழிவார்கள். அந்த வரிகளை அழிக்காமல், செலவு செய்தாரா என்பதை ஒரு படியாகவும் எவ்வளவு என்பதை அடுத்த படியாகவும் மதிப்பிடுங்கள்.