இருட்டில் யானை: நரசீபுரத்திலிருந்து பவானி வரை சூஃபி கதைகளோடு

யானைக் கதையை யானை வராத ஊர்களிலேயே சொல்லிப் பழகியவர்கள் ஒருமுறை கோவைப் பக்கம் இருக்கும் நரசீபுரம் போய்வர வேண்டும். நேற்று இரவுதான் வீடு திரும்பினேன். பையில் இருக்கும் துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சூஃபி என்னும் இஸ்லாமிய ஞான மரபின் கவிஞர் ரூமியின் கதைகளையும் முல்லா நஸ்ருதீன் கதைகளையும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லச்சொல்லி, கோவையில் இருக்கும் ஒரு தோழி பல மாதங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடும் தங்குமிடமும் அவள் பொறுப்பு. கதை சொல்ல நான் காசு வாங்குவதில்லை என்பதால், போக்குவரத்துச் செலவை 3,000 ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும். காந்திபுரத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2021இல் வந்த இந்த ஏற்பாட்டை யார் என்ன குறை சொன்னாலும், என்னைப் போல ஊர் ஊராகப் போகிறவளுக்கு இதன் அருமை தெரியும். தொண்டாமுத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாக்கும் வாழையும்தான். மேற்கே மலை நெருங்கிக்கொண்டே வருகிறது.

தோழியின் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீடு தோட்டத்துச் சாளை (தோட்டத்துக்குள் இருக்கும் வீடு). முன்னால் பெரிய களம். பொழுது சாய்கிற நேரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். களத்து விளக்கை அணைக்கச் சொன்னேன்.

13ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கியில் இருக்கும் கொன்யா நகரில் வாழ்ந்த ரூமி, தன் மஸ்னவி என்ற நெடும் கவிதை நூலின் மூன்றாம் பாகத்தில் சொல்கிற கதை இது. இந்துஸ்தானத்திலிருந்து கொண்டுவந்த யானை ஒன்றை இருட்டு வீட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் உள்ளே போய்த் தடவிப் பார்க்கிறார்கள். தும்பிக்கையைத் தொட்டவர் தண்ணீர்க் குழாய் என்கிறார். காதைத் தொட்டவருக்கு விசிறி, காலைத் தொட்டவருக்குத் தூண், முதுகைத் தொட்டவருக்கு சிம்மாசனம். நம் ஊரில் பார்வையற்றவர்கள் யானையைத் தடவிய கதையாகத்தான் இதைச் சொல்வோம். ரூமியின் கதையில் எல்லோருக்கும் கண் இருக்கிறது, இல்லாதது வெளிச்சம் மட்டும். எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். கண்ணில் குறை என்றால் என்ன செய்ய முடியும்? இருட்டு என்றால் விளக்கு கொண்டுவரலாம்.

முதுகு வரைக்கும் வந்திருப்பேன். ஒன்பது வயது இருக்கும் ஒரு சிறுமி குறுக்கே கேட்டாள்: "அத்தை, இருட்டுக்குள் யானையைத் தொடுகிற அளவுக்கு யாராவது பக்கத்தில் போவார்களா?"

களம் முழுக்கப் பேச்சு எழுந்துவிட்டது. முதலில் வாசம்தான் வரும் என்றான் ஒரு பையன். அப்புறம் வாழை முறிகிற சத்தம். காதை ஆட்டுகிற சத்தம் கேட்டால் ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. "ஆட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனால்?" என்று கேட்டேன். "நம்மைக் கவனிக்கிறது என்று அர்த்தம். அப்போது அசையக்கூடாது அத்தை." இதைச் சொல்லும்போது அவன் இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பக்கத்தில் விரித்து அப்படியே நிறுத்திக் காட்டினான். மூச்சுகூட விடவில்லை. அப்புச்சி தன் பங்குக்கு, ஒருநாள் இரவு தண்ணீர் பாய்ச்சப் போனபோது மோட்டார் ரூமுக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைக்கோல் போர் போட்டிருக்கிறார் என்று நினைத்ததையும், அந்தப் போர் நகர்ந்ததையும் சொன்னார். குழாய், விசிறி, தூண், சிம்மாசனம் என்ற ரூமியின் வரிசையில் இனி நான் வைக்கோல் போரையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

எல்லோர் கையிலும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது என்று ரூமி முடிப்பார். அதைச் சொன்னேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் அடித்தால் யானை மிரளும், சில யானைக்குக் கோபம் வந்துவிடும் என்றார்கள். பிறகு முதலில் பேசிய அதே சிறுமி சொன்னாள்: "விளக்கு வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து போன் வரும், வாசம் வருகிறது என்று. அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் நாய் குரைக்கிறது என்பார்கள். இன்னொரு தோட்டத்தில் சத்தம் கேட்கிறது என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யானை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அவர்களும் வெளியே வந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கலாம் இல்லையா?"

இந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு பதில் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "பிள்ளைகளே, இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அத்தனை முகங்களும் பள்ளிக்கூட முகங்களாகிவிட்டன. "ஒற்றுமையே பலம்" என்று யாரோ ஒப்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொள்ளச் சிரமப்பட்டேன். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் சூஃபிகள் கதையை வைத்திருந்த விதமே வேறு. ரூமியும் தன் கதைகளுக்கு விளக்கம் சொல்வார்தான், பக்கம் பக்கமாகச் சொல்வார். அந்த விளக்கத்துக்கு நடுவிலேயே இன்னொரு கதை முளைத்து, அதற்குள் வேறொன்று கிளைத்து எங்கேயோ போய்விடும். ஒற்றை வரியில் பூட்டிச் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார். கதைசொல்லிகள் யாராவது இதைப் படித்தால், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: நீதி கேட்காதீர்கள்.

இரவு சந்தகை. அரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினார்கள். ஆவி பறக்க இறங்கிய இழைகள்மீது தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். "இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்க அம்மிணி" என்று தோழியின் அம்மாயி (அம்மாவின் அம்மா) வைத்துக்கொண்டே இருந்தார். கோவையில் ஹோட்டல்களில் சந்தகை என்ற பெயரில் ஆறிப்போன ஒன்றை வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் சாப்பிட்டுவிட்டுக் கொங்குச் சமையலைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

மறுநாள் மாலை வரவேண்டிய பஸ் வரவில்லை. இருட்ட ஆரம்பித்ததும் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். தொண்டாமுத்தூருக்கு 250 ரூபாய் என்று பேசித்தான் ஏறினேன். இறங்கும்போது 450 கேட்டார். "யானை நடமாடுகிற ரோடு மேடம்" என்கிறார். ஏறும்போது அந்த யானை எங்கே போயிருந்தது? அந்த ரோட்டில் தினமும் பால் ஊற்றப் போகிறவர்களும் டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளும் யாரிடம் கூடுதல் காசு கேட்கிறார்கள்? நடுரோட்டில் கால் மணி நேரம் வாதாடி 300 கொடுத்தேன். அந்த 50 ரூபாயும் எனக்குக் கசக்கிறது. அங்கே போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் பிடித்துவிடுங்கள்.

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, நஸ்ருதீனின் கோட்டுக் கதையைச் சொன்னேன். கிழிந்த உடையில் விருந்துக்குப் போனவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்ததும் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். உடனே அவர், "சாப்பிடு கோட்டே, மரியாதை உனக்குத்தானே" என்று சட்டைக் கைக்குள் சோற்றை அள்ளிப் போட்டார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு இளைஞர் கேட்டார்: "அந்தக் கோட்டைத் தைத்தவனுக்கு அந்த விருந்தில் சாப்பாடு உண்டா அக்கா?" அதற்கு மேல் நான் வேறு கதை எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை முழுக்க அவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன்.

ஈரோட்டிலிருந்து பவானிக்கு அடிக்கடி பஸ் உண்டு. கோயிலுக்கு வருகிறவர்கள், ஆறுகள் சேருமிடமான கூடுதுறையோடு திரும்பிவிடுகிறார்கள். ஜமக்காளம் நெய்கிற வீடு ஒன்றையாவது பார்க்காமல் திரும்பாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளம், ஆனால் நெய்கிறவர்களில் பெரும்பாலும் வயதானவர்களைத்தான் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, சிவப்பும் பச்சையுமாகத் தடித்த நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். "நீ பாட்டுக்குச் சொல்லு கண்ணு, என் காது சும்மாதான் இருக்கிறது" என்றார்.

வியாபாரியும் கிளியும் கதையைத் தொடங்கினேன். இதுவும் மஸ்னவிதான், முதல் பாகம். இந்துஸ்தானத்துக்குப் புறப்படுகிற வியாபாரியிடம் கூண்டுக்கிளி ஒன்றே ஒன்று கேட்கிறது: அங்கே பறக்கிற கிளிகளிடம் என் நிலைமையைச் சொல்லுங்கள். அவரும் சொல்கிறார். கேட்ட கிளிகளில் ஒன்று துடித்து விழுந்து செத்துப்போகிறது. வருத்தத்தோடு ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னால், கூண்டுக்கிளியும் அதேபோல விழுகிறது. அழுதுகொண்டே அதை எடுத்து வெளியே போடுகிறார். கிளி பறந்துபோய் மரக்கிளையில் உட்காருகிறது.

கூண்டுக்குள் கிளி விழுந்த இடத்தில் தறிச் சத்தம் நின்றது. கிளையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, "பேசுகிற கிளியைத்தானே பிடித்து அடைக்கிறார்கள். காக்காயை யாராவது அடைத்துப் பார்த்திருக்கிறாயா?" என்றார். உன் குரல்தான் உன்னைக் கூண்டில் வைத்திருக்கிறது என்பதுதான் அந்த இந்துஸ்தானத்துக் கிளி விழுந்து காட்டிய சேதி. கிளையிலிருந்து கிளி அதைச் சொல்லும் கட்டத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தாயுமானவர் பாடல்கள் தெரிந்தவர், இதெல்லாம் நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதே என்றார். தாயுமானவரைப் போலவே, தமிழில் பாடிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபும் இறைவனை 'பராபரமே' என்று அழைக்கும் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார் என்று சொன்னதும் அதை எழுதி வாங்கிக்கொண்டார்.

போக்குவரத்து, ஆட்டோக்காரருக்கு அழுதது எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய் ஆனது. பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பவர்கள், ஐந்தாறு வயதுக்கு நஸ்ருதீன் சாவி தேடும் கதையில் தொடங்கலாம். வீட்டுக்குள் தொலைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கிறது என்று தெருவில் தேடுவாரே, அது. துருக்கியில் அக்‌ஷெஹிர் நகரத்தில் அவருடையது என்று சொல்லப்படும் கல்லறையில், சுற்றிலும் திறந்த வெளியாக இருக்க ஒரு பக்கம் மட்டும் பெரிய பூட்டு தொங்குகிறது என்பதையும் கூடவே சொல்லுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிளிக்கதையைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கிளி விழும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். அப்படி அழுதால் பாதியில் நிறுத்தாமல், அது பறக்கிற வரைக்கும் சொல்லிவிடுங்கள்.