கடலோர ஸ்ட்ராபெரி: கோகோபீட்டிலிருந்து உப்பை வெளியேற்றிய கதை

இந்த வாரம் ஒரு கிண்ணம் நிறையப் பழம் பறித்தேன். தேவிபட்டினத்தில், கடலுக்குப் பக்கத்து மாடியில்! போன பருவத்தில் காய்த்த ஒன்றிரண்டும் சுண்டைக்காய் அளவோடு நின்றுவிட்டன. கேட்டவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் சொன்னார்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் காய்ப்பிடிப்பு குறையும், சரி. ஆனால் மார்கழியிலேயே இலையின் ஓரம் மட்டும் காய்ந்துகொண்டு வந்ததே! இந்தக் கரையில் ஓரம் கருகினால் உப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராபெரிக்கு ஈசி, அதாவது கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மீட்டர் அளவு, 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கும். எங்கள் போர் தண்ணீர் 3-க்கு மேல். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை மாடிக் குழாயிலிருந்தே டேங்கில் பிடித்து வைத்தேன்.

அப்புறம் கோகோபீட், அதாவது மண்ணுக்குப் பதிலாகப் போடும் தேங்காய் நார்த்தூள். "கழுவியது" என்று அச்சிட்டு விற்ற கட்டிதான்; ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டர் 2.4 காட்டுகிறது. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது அநியாயம். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த தூள் இப்படித்தான் இருக்கும். மழைத்தண்ணீரில் அலசினால் 0.6-க்கு இறங்குகிறது. அதை நம்பி நட்டுவிடாதீர்கள். தூளில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுதாக விடாது. கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்தால்தான் வெளியே வரும். இல்லையென்றால் நாம் கொடுக்கும் உரத்திலுள்ள கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும், செடிக்குப் போகாது, தளிர் நுனி கருகும்.

5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட். மழைத்தண்ணீரில் கரைத்து, தூள் மூழ்க ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் வடித்த தண்ணீரில் மீட்டர் எகிறியது; உள்ளே இருந்த உப்பு கிளம்பிவிட்டது என்று அர்த்தம், கூடவே மிச்சக் கால்சியம் நைட்ரேட்டும் இருக்கும். வடிநீர் 0.5-க்குக் கீழ் வரும்வரை அலசுவதை நிறுத்தவில்லை. ஆளைக் களைப்பாக்கும் வேலை இதுதான், மழைத்தண்ணீரும் நிறையப் போகும். ஆனால் இதில் அவசரப்பட்டால் மற்றது எல்லாம் வீண். உரக்கடையில் கேட்கும்போது தண்ணீரில் முழுதாகக் கரையும் ரகம் என்று சொல்லி வாங்குங்கள்.

வாடைக்காற்று கொண்டுவரும் உப்புக்கு வடக்கிலும் கிழக்கிலும் பனை ஓலைப் படல் கட்டியிருக்கிறேன். கருகல் நின்று புதிய இலைகள் ஓரம் வரை பச்சையாக விரிகின்றன.

நாற்று கொடைக்கானல் பக்கமிருந்து வந்த விண்டர் டான் ரகம். குழித்தட்டு நாற்றாகக் கேட்டு வாங்குங்கள். வேர் அலுங்காமல் வரும்.

பழம் இன்னும் சில கோணலாக வருகிறது. காற்றடிக்கும் நாளில் தேனீ இந்த மாடிக்கு வருவதில்லை. பூவின் நடுமேட்டைச் சுற்றி மென்தூரிகையால் தடவ ஆரம்பித்திருக்கிறேன். பலன் தெரியக் கொஞ்ச நாளாகும். பங்குனிக்குள் டேங்க் தண்ணீர் தீர்ந்துவிடும். அதற்குள் நல்ல ரன்னர் (தாய்ச்செடி விடும் ஓடுகொடி) நாலைந்தை வேர்விட வைத்து, நிழல்வலைக்குக் கீழே கோடை தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடி முடிவதற்குள் இன்னொரு டேங்க் வாங்கிவிடுவேன்.