தீர்த்தமலைக்குப் போன மந்தாகினி

அரூரில் பஸ் ஏறும்போதே அம்மா அந்தப் பாட்டிலை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். தீர்த்தமலைக் குரங்குகள் கையில் எதைக் கண்டாலும் பறித்துவிடும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. பாட்டிலில் இருந்தது நான் கேதார்நாத்தில் பிடித்த மந்தாகினி ஆற்று நீர். "கங்கை கொண்டுவா என்றால் வேறு எதையோ கொண்டுவந்திருக்கிறாயே" என்று இரண்டு மாதமாகக் குறை. மந்தாகினி ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவில் சேர்ந்து, தேவபிரயாகையில் பாகீரதியோடு கலந்த பிறகுதான் கங்கை ஆகிறது. பெயர் வைப்பதற்கு முன்பே தூக்கி வந்துவிட்டேன் என்றேன். சிரிக்கவில்லை.

வடக்கிலிருந்து வரும் நீருக்கும் இந்த மலைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ராமர் இங்கே சிவபூஜை செய்ய, காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் தாமதித்தார். நேரம் தப்பக்கூடாதென்று ராமர் பாறையில் அம்பு எய்து நீரை வரவழைத்தார். பிறகு வந்த அனுமன் ஆத்திரத்தில் வீசிய நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமந்தீர்த்தம். நானும் தாமதம்தான், எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பாட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டது.

அதில் ஒரு நன்மை. பிடித்தபோது சுண்ணாம்பு கரைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் இருந்த நீர் தெளிந்து, அடியில் விரற்கடை உயரத்துக்கு ஏதோ படிந்திருந்தது. சாதாரண மண் இல்லை அது, கல்மாவு. பனியாறு தன் அடியில் சிக்கிய கற்களோடு நகரும்போது மலையையே திருகையில் இட்ட கேழ்வரகாக அரைக்கிறது. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு இடுக்காக இருக்கும். பனியாறு அரைத்தது தொட்டிபோல அகன்று கிடக்கும். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டர் நடக்கையில் இந்த மாற்றம் காலுக்கே தெரிகிறது. (அரூரிலிருந்து தீர்த்தமலையும் ஏறக்குறைய அதே தூரம்தான். இங்கே பஸ்ஸில் ஒரு தூக்கம், அங்கே ஒரு பகல் முழுக்க மூச்சிரைப்பு.)

கேதார்நாத்தில் தரிசனம் முடித்து மறுநாள் காலை, கோயிலுக்குப் பின்னால் ஏறி சோராபாரி ஏரி இருந்த இடத்தைப் பார்த்தேன். காந்தியின் அஸ்தி கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அதற்குப் பெயர். பனியாறு பின்வாங்குகிறது என்கிறோம், ஆனால் பனி திரும்பி நடப்பதில்லை. மேலிருந்து வந்து சேர்வதைவிடக் கீழே உருகுவது அதிகமாகிவிடுகிறது, அவ்வளவுதான். அப்படிச் சுருங்கும்போது, சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் இரு ஓரங்களிலும் வரப்பாகப் போட்டுவிட்டுப் போகிறது. மொரைன் என்பது அதுதான். அந்த வரப்புக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே மழையும் பனிநீரும் தேங்கினால் ஏரி.

நம் ஊர் ஏரிக்கு மதகு உண்டு, கலிங்கு உண்டு, கரையை மிதித்து இறுக்கிய ஆள் உண்டு. அந்தக் கரைக்கு ஒன்றும் இல்லை. அடியில் கல் இடுக்குகளில் கசிவதுதான் அதற்கு வடிகால். 2013 ஜூன் 15 மாலையிலிருந்து 24 மணி நேரத்தில் அங்கே பெய்த மழை 325 மில்லிமீட்டர். போதாக்குறைக்குப் பனியும் உருகிச் சேர்ந்தது. 17ஆம் தேதி காலை கரை உடைந்து, சுமார் 400 மீட்டர் நீள ஏரி சில நிமிடங்களில் காலியானது. வழியிலிருந்த ராம்பாடா என்ற ஊரே இல்லாமல் போயிற்று. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற பாறை வெள்ளத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. பீமசிலை என்று பெயரிட்டு அதற்கும் பூஜை நடக்கிறது. நானும் கும்பிட்டேன். ஆனால் ஈசன் காத்தார் என்று சொல்ல வாய் வரவில்லை; கீழே வெள்ளத்தில் போனவர்கள் ஆயிரக்கணக்கில். உடைந்த கரையின் வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது. உள்ளே தண்ணீர் இல்லை, கற்கள்தான்.

தீர்த்தமலையில் படியேறும்போது அம்மா ஒரு பெரிய உருண்டைப் பாறையைக் காட்டி, "இதுவும் பனி உருட்டியதா?" என்றார். இல்லை, நம் பக்கத்துப் பாறைகள் வெயிலும் மழையும் நின்ற இடத்திலேயே செதுக்கியவை என்றேன். "அதுதானே பார்த்தேன்" என்றார், ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல.

ராமதீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு உள்ளே போனோம். பாறையிலிருந்து விழும் அந்த நீரைக் கையில் ஏந்தினால் ரேகை தெரிகிறது. குருக்கள் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தெளிந்ததை மட்டும் தீர்த்தகிரீஸ்வரருக்கு வார்த்துவிட்டு, அடியை விட்டுத் திருப்பித் தந்தார்.

இறங்கும் வழியில் அம்மா அதிலேயே ராமதீர்த்தத்தைப் பிடித்து மூடினார். கழுவிவிட்டுப் பிடிக்கலாமே என்றேன். காதில் வாங்கவில்லை. பஸ் குலுக்கலில் நீர் மறுபடி சாம்பல் நிறமானது. அரூரில் இறங்கும்வரை தெளியவில்லை.