கடைசி இலைக்கும் அதே சாம்பார்

சிங்கப்பூரில் 1968க்குப் பிறகு தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. அம்மா தொழிற்சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் வருட லீவில் இரண்டு நாளைத் தைப்பூசத்துக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுவார். ஒரு நாள் காய் நறுக்க, மறுநாள் பால்குடம் எடுக்க. காய்ச்சலில் படுத்தாலும் அந்த இரண்டு நாளில் கைவைக்க மாட்டார்.

அம்மாவின் தலைத்திவசம் முடிந்த பிறகு வந்த தைப்பூசம் இது. விரதமிருந்து அவருடைய எவர்சில்வர் குடத்தை நான் எடுத்தேன். இருட்டு விலகாத நேரம். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் பாலை ஊற்றி, குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டி, வேப்பிலை செருகித் தங்கைதான் தலையில் ஏற்றிவிட்டாள். சும்மாட்டைச் சரியாகப் பதித்தாயா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். "குடத்தைக் கையால இறுக்கிப் பிடிக்காதடி, தலையில உட்கார விடு. கை சும்மா காவலுக்குத்தான்" என்று அம்மா சொல்லிக்கொடுத்தது அது. இறுக்கிப் பிடித்தால் சிலேகி ரோட்டைத் தாண்டுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வெறுங்காலுக்குத் தார் ரோடு குளிர்ச்சியாக இருந்தது. முன்னால் ஒரு காவடி, அதைச் சுற்றி ஒரு குடும்பமே "வேல் வேல்" என்று குரல் கொடுத்தபடி போனது. பின்னால் ஒரு சீனப் பெண்மணி, அவரும் மஞ்சள் சேலையில், பால்குடத்தோடு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். முருகனைத் தவிர வேறு எதையும் நினைக்கக்கூடாது என்றுதான் கிளம்பினேன். நினைப்பெல்லாம் அம்மாவாகவே இருந்தது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன். அவனை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அம்மாதானே.

செட்டியார்கள் 1859ல் எழுப்பிய கோயில் அது. உள்ளே நெரிசல்தான், ஆனாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பாலைச் சேர்த்து முருகனின் வேலைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. கால் நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன். அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

பிறகு அன்னதானக் கூடத்துக்குப் போனேன். அம்மாவின் கோயில் உண்மையில் அதுதான்.

சந்நிதியில் அம்மா அதிக நேரம் நின்று நான் பார்த்ததில்லை. கும்பிட்டு, திருநீறு பூசி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவார். சாம்பார் வாளி எப்போதும் அவர் கையில்தான். எனக்குப் பதினாலு பதினைந்து வயது இருக்கும்போது பரிமாறக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு இலைக்கும் கரண்டியை வாளியின் அடிவரை விட்டு, ஒரு சுற்றுக் கிண்டி, பிறகுதான் மொள்ள வேண்டும். "காய் அடியில தங்கிடும். மேலாப்புல மொண்டு ஊத்திக்கிட்டே போனா முதல் ஆளுக்கு வெறுந் தண்ணி, கடைசி ஆளுக்கு வெறும் காய். முருகன் எந்த இலையில உட்கார்ந்திருக்கான்னு உனக்குத் தெரியுமா?" அடி கிண்டினால் வாளி கனக்கும், மணிக்கட்டு வலிக்கும், வேகமும் குறையும். பந்தி நகரவில்லையே என்று யாராவது சத்தம் போடுவார்கள். அம்மா பதில் பேசமாட்டார், கிண்டுவதையும் நிறுத்தமாட்டார்.

வீட்டிலும் இதே கணக்குத்தான். தோ பாயோ வீட்டுச் சமையலறையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கும். உலை வைக்குமுன் களைந்தெடுக்க வேண்டிய அரிசியிலிருந்து ஒரு பிடி அதில் விழும். ஊரில் பாட்டி செய்த பிடி அரிசி வழக்கம். அப்பாவுக்கு வேலை போய், கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கிய மாதங்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. "நமக்கே இல்லையேம்மா" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். கையைச் சற்றுச் சிறிதாக மூடி அள்ளிக் காட்டினார் அம்மா, அவ்வளவுதான். டின் நிறைந்ததும் கோயிலுக்குப் போய்விடும்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையும் சொல்ல வேண்டும். 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிவைத்த, இத்தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். அங்கே பெரியாச்சி சந்நிதி உண்டு. குழந்தை பிறந்து முப்பது நாள் ஆனதும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது இங்குள்ள தமிழர் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து கணவனோடு வந்து, பிள்ளை பெற்று, பக்கத்தில் தாய் இல்லாமல் தவிக்கும் பெண்கள் எங்கள் புளோக்கில் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். பத்திய ரசம் வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, முப்பதாம் நாள் பெரியாச்சியிடம் அழைத்துப் போவது அம்மாவின் வேலை. அப்படிப் போன பிள்ளைகளில் ஒருத்தி, இப்போது மருத்துவத் தாதி, அம்மாவின் கடைசி வாரங்களில் வேலை முடிந்து வந்து தலை வாரிவிட்டுப் போனாள். கேட்டு வந்தவள் இல்லை.

பந்தியில் எனக்கு முதலில் அப்பள வேலைதான் கொடுத்தார்கள். ஒரு வயதான அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ அவங்க பெரிய பொண்ணுதானே?" என்று கேட்டு, தன் கையிலிருந்த சாம்பார் வாளியை நீட்டினார். கால் எரிச்சலில் நிற்கவே முடியவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். கட்டுமான உடுப்பில் இரவு வேலை முடித்து வந்த தம்பிகள் ஒரு வரிசை, பிள்ளைகளோடு ஒரு குடும்பம், சுற்றுலா வந்த இரு வெள்ளைக்காரர்கள். கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டினேன். பூசணியும் முருங்கையும் மேலே வந்தன. ஒரு தம்பி இரண்டாம் முறை கேட்கத் தயங்கி இலையை மடிக்கப் போனான். "இருப்பா" என்று தடுத்து ஊற்றினேன்.

கிளம்பும்போது அந்த அக்கா என் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் காய் நறுக்க ஆள் போதவில்லையாம். தங்கையும் வருகிறேன் என்றிருக்கிறாள். மைலோ டின் அவளிடம்தான் இருக்கிறது. முக்கால்வாசி நிறைந்துவிட்டதாம், கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.