பதினைந்து வயதில் வந்த நேரம்

நீச்சலில் உச்சிக்குப் போன ஒருவர் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போனால், 'வெறி அடங்கிவிட்டது' என்று சொல்லிவிடுவது சுலபம். ஸ்டாப்வாட்சும் கையுமாகக் குளத்தோரம் நிற்கும் பயிற்சியாளர்களுக்கு அது பெரும்பாலும் உண்மையில்லை என்று தெரியும். பந்தயத்தில் பதிவாகும் ஒரு நேரம் ஒரு குறிப்பிட்ட உடலுக்கு வந்த நேரம். உடல் மாறியபிறகும் அதைப் பழைய வழியிலேயே தேடும்போதுதான் பலருடைய காலம் முடிகிறது.

ஆஸ்திரேலியாவின் ஷேன் கூல்ட் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 15 வயதில் மூன்று தனிநபர் தங்கம் வென்றார். 100 மீட்டர் முதல் 1500 வரை எல்லா ஃப்ரீஸ்டைல் உலக சாதனைகளையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். 16 வயதில் விலகிவிட்டார். அதே மியூனிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் 22 வயதில் ஓய்வு. அன்றைய அமெச்சூர் விதிப்படி விளம்பரத்தில் காசு வாங்கினால் போட்டிக்கு வரமுடியாது. சம்பாதிக்க வேண்டுமென்றால் விலகத்தான் வேண்டும். அந்த விதி போய்விட்டது. உடல் வைக்கும் கணக்கு போகவில்லை.

தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதை எதிர்க்க நொடிக்கு நொடி தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடியோடு ஏறும். அதாவது 1 சதவீதம் வேகம் கூட்ட ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். இரண்டு நிமிடப் பந்தயத்தில் அந்த 1 சதவீதம் வெறும் 1.2 நொடிதான். பருவமடையும் வருடங்களில் ஒரு பெண்ணுக்கு உயரம், எடை, இடுப்பு அகலம் எல்லாம் மாறுகின்றன. தண்ணீரை எதிர்கொள்ளும் முகப்பு பெரிதாகிறது, தசைவலு அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆகவே ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம், நேரம் அப்படியே நிற்கும் அல்லது பின்னால் போகும். இது நோயும் அல்ல, சோம்பலும் அல்ல.

இதை நேரத்தைவிட முன்னால் காட்டிக்கொடுப்பது ஸ்ட்ரோக், அதாவது கைவீச்சு, எண்ணிக்கை. அதற்கு ஒரு சோதனை உண்டு. ஏழு முறை 200 மீட்டர், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று வேகமாக. ஒவ்வொன்றிலும் நேரம், இதயத்துடிப்பு, கடைசி 50 மீட்டரின் ஸ்ட்ரோக் மூன்றையும் குறிக்க வேண்டும். 14 வயதில் 50 மீட்டருக்கு 36 ஸ்ட்ரோக் போட்டவள், 16 வயதில் அதே நேரத்துக்கு 41 போடுகிறாள் என்று வையுங்கள். கடிகாரம் 'மாற்றமில்லை' என்கிறது. ஆனால் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும்: கை உள்ளே போனதும் முழங்கை தளர்ந்து கீழே விழும், உள்ளங்கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழ்நோக்கி அழுத்தும். செட்டை, அதாவது திரும்பத் திரும்ப நீந்தும் பயிற்சித் தொகுப்பை, குறைத்து, முழங்கையை உயரத்தில் நிறுத்தப் பழக்க வேண்டிய நேரம் இது. பெரும்பாலும் நடப்பதோ தலைகீழ். வாரம் 40 கிலோமீட்டரை 50 ஆக்கி, தண்ணீரை அதிகம் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தகடான ஹேண்ட் பேடிலையும் பெரியதாக மாட்டிவிடுகிறார்கள்.

50 மீட்டருக்கு 36 ஸ்ட்ரோக் என்றால் ஒரு கைக்கு 18. ஒரு கிலோமீட்டருக்கு 360. வாரம் 50 கிலோமீட்டருக்கு ஒரு தோள் 18,000 முறை சுழல்கிறது. கட்டைவிரல் முதலில் தண்ணீரில் நுழைந்து, கை தலைக்கு நேரே நடுக்கோட்டைத் தாண்டிப் போகும் பழக்கம் இருந்தால், அத்தனை முறையும் தோள்பட்டைத் தசைநார் எலும்புக்கு அடியில் உரசும். வலி முதலில் தோளின் முன்பக்கம், செட்டின் கடைசியில் மட்டும் வரும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று சொல்லும்போது ஏற்கெனவே தாமதம். கை தோளுக்கு நேராக நுழையட்டும், இரண்டு பக்கமும் மூச்செடுக்கட்டும், பேடிலைக் கழற்றுங்கள். 'கைக்கு ஓய்வு, கிக் மட்டும்' என்று, பிடித்துக்கொண்டு காலால் உதைக்க உதவும் மிதவைப் பலகையான போர்டைக் கொடுப்பது இன்னொரு தவறு: கையை நீட்டிப் போர்டைப் பிடிப்பதே அந்தத் தோளை நெருக்கும். மல்லாந்து, கைகளை உடலோடு வைத்து உதைப்பதுதான் சரி.

அமெரிக்காவின் மிஸ்ஸி ஃபிராங்க்ளின் 2012 லண்டனில் 17 வயதில் நான்கு தங்கம் வென்றார். 2016 ரியோவில் தனிப்பிரிவுகளில் இறுதிக்கே வர முடியவில்லை. 2017-இல் இரண்டு தோள்களிலும் அறுவை சிகிச்சை. 2018 டிசம்பரில், 23 வயதில், தீராத தோள்வலியோடு ஓய்வை அறிவித்தார்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. நேரம் நின்றதும் 'கொஞ்சம் எடையைக் குறை' என்பார்கள். குறைத்தால் முதல் மாதம் நேரம் இறங்கவும் கூடும், அதனால்தான் இந்த யோசனை சாகவே மாட்டேன் என்கிறது. பிறகு அடிக்கடி சளி, தூக்கமின்மை, எலும்பில் விரிசல். மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் பயிற்சி அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

குறுந்தூரக்காரர்கள் ஏன் அதிக காலம் நிற்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். 50 மீட்டருக்கு வாரம் 50 கிலோமீட்டர் தேவையில்லை, தசைவலுவோ முப்பது வயது தாண்டியும் கைகொடுக்கும். அமெரிக்காவின் ஆன்டனி எர்வின் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 19 வயதில் 50 ஃப்ரீஸ்டைல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார், 2003-இல் குளத்தை விட்டே போனார். திரும்பி வந்து 2016 ரியோவில், 35 வயதில், 21.40 நொடியில் அதே தங்கம். லிதுவேனியாவின் ரூட்டா மெய்லுடிட்டே 15 வயதில் லண்டனில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தங்கம் வென்றவர். 2019-இல், 22 வயதில், ஓய்வு என்றார். பிறகு திரும்பினார், 2023-இல் உலக சாதனை போட்டார், ஆனால் 50 மீட்டரில்.

அப்படித் திரும்பி வருபவர்களுக்குப் பயிற்சி நோட்டில் 'பெஸ்ட் டைம்' கட்டத்தைக் காலியாக விட்டுத் தொடங்குவது நல்லது. பழைய எண் அங்கே இருந்தால் மூன்றாம் வாரமே அதைத் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள், தோளும் மூன்றாம் வாரமே பேச ஆரம்பித்துவிடும்.