சொட்டும் துளையை அடைக்காதீர்கள்

படகு எஞ்சினுக்கு அடியில் உப்பு பூத்திருந்தால் முதலில், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான பம்புகளில் அங்கே ஒரு சிறு துளை இருக்கும். மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் என் பாய்மரப் படகில் அதன் வழியாகத்தான் சொட்டத் தொடங்கியது.

தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கிறது அந்தத் துளை. சீல் தேய்ந்தால் உப்புநீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வடியட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். படகுத்துறையில் ஒருவர், "எபாக்சி பூசி அடைத்துவிடுங்கள், தொல்லை விட்டது" என்றார். எங்கே விடும்? என் பம்ப் பெல்ட்டில் ஓடுவது, பேரிங்தான் போகும். எஞ்சினின் பல்சக்கரத்தோடு நேராகப் பூட்டிய பம்பாக இருந்தால் ஆயிலிலேயே உப்புநீர் கலந்துவிடும்.

சீலை மட்டும் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஷாஃப்டைக் கழற்றி நகத்தால் வருடியபோது, சீல் உரசிய இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதன்மேல் எந்தப் புதுச் சீலும் நிற்காது. முழு பம்பையே வாங்கினேன். வரியில்லாத் தீவு என்று பெயர்தான், விலையைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

பம்பைக் கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை: கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடு, பெல்ட்டைத் தளர்த்து, போல்ட்டை எடு. அடம்பிடித்தது ஹோஸ்தான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தேன். புது ஹோஸ் மலிவு.

பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். பழையதில் ஓர் இதழின் நுனியைக் காணவில்லை. ரப்பர் துண்டு கரைந்தா போகும்? வெப்பமாற்றியின் வாயில் சிக்கிக் கிடந்தது. உடைந்த ஓரத்தோடு பொருத்திப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மேலே வேலை பார்த்தேன்.

புது இம்பெல்லருக்குக் கிளிசரின் தடவினேன். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமிழ வேண்டும். அதற்குமேல் இறுக்குவது பேரிங்குக்குச் செய்கிற துரோகம்.

வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் சும்மா சுழற்றிக்கொண்டே இருந்தால் வால்வை மூடிவிட வேண்டும். பம்ப் தள்ளும் நீர் புகையோடு சேர்ந்துதான் வெளியே போகும், எஞ்சின் பிடிக்காதபோது அதை வெளியேற்றப் புகை அழுத்தம் இருக்காது. அது சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பின்புறம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். புகைக்குழாய் இரண்டு முறை வெறுமனே செருமிவிட்டு, தண்ணீரைத் துப்பியது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் நிறுத்திவிட்டு, துளைக்கடியில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தேன். ஈரமே இல்லை. புது பெல்ட் கொஞ்சம் தொய்ந்திருந்தது, அதை மட்டும் மறுபடி இறுக்கினேன்.