அறுநூறு கிலோ கடற்பஞ்சு, ஒரு அரிசி அளவு மருந்து

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் பரவியபோது டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துகளில் ஒன்று எரிபுலின். அது எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், ராத்திரி ரெண்டு மணிவரை படித்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பான் கடலோரப் பாறைகளில் ஒட்டி வளரும் ஒரு கருப்புக் கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச் என்கிற கடல் உயிரினம்) தான் மூலம். 1986-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டா, உவெமுரா குழுவினர் 600 கிலோ பஞ்சைப் பிழிந்து பிரித்ததில் கையில் மிஞ்சிய ஹாலிகான்ட்ரின் பி, அதாவது புற்றணுவைத் தடுக்கும் அந்தப் பொருள், வெறும் 12.5 மில்லிகிராம். ஒரு அரிசிமணியின் எடைகூட இல்லை! நியூசிலாந்தில் ஆழ்கடலில் கிடைத்த வேறொரு பஞ்சில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் ஒரு டன் வாரியும் சுமார் 300 மில்லிகிராம்தான், அப்புறம் அங்கேயே கயிற்றில் கட்டி வளர்த்தும் பார்த்தார்கள்.

இப்படியே போயிருந்தால் மருந்து வருவதற்குள் அந்தப் பஞ்சே அழிந்திருக்கும்.

வழி காட்டியது வேதியியல். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் யோஷிடோ கிஷி 1992-இல் அந்த மூலக்கூறை முழுசாகச் செயற்கையாகக் கட்டினார். அந்தப் பெரிய மூலக்கூறில் பாதி இருந்தாலே புற்றணுவைத் தடுக்கப் போதும் என்று தெரியவந்தது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அந்தப் பாதியை ஒட்டி அமைத்ததுதான் எரிபுலின்; அதை ஐசாய் என்ற மருந்து நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளில் ஆலையில் தயாரிக்கிறது. 2010-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

சித்தியின் கையில் ஏறிய அந்தச் சின்னக் குப்பி மருந்துக்காக ஒரு பஞ்சுகூடப் பாறையிலிருந்து பிய்க்கப்படவில்லை.